அடையாற்றில் மாடு இறங்கிய துறை

கேள்வி: சைதாப்பேட்டையில் பாலம் கட்டுவதற்கு முன் மாட்டு மந்தைகளும் வண்டிகளும் அடையாற்றை எப்படிக் கடந்தன? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: ஆற்றில் இறங்கித்தான். அடையாறு மழையை நம்பிய ஆறு, கோடையில் மெலிந்துவிடும். ஆனால் கண்ட இடத்தில் இறங்க முடியாது. கழிமுகத்துச் சேறு குளம்பை இழுக்கும். மணல் தரையும் சரிவான கரையும் உள்ள மேல்புறத் துறைதான் மாட்டுக்கு ஏற்றது.

மந்தையை இறக்குமுன் கரையிலேயே வயிறாரத் தண்ணீர் காட்டிவிட வேண்டும். தாகத்தோடு இறங்கினால் மாடு நடு ஆற்றில் நின்று குடிக்கும்; பின்னால் வருபவை முட்டி நெரியும். ஓர் ஆள் கோலால் ஆழம் பார்த்தபடி முன்னே போக, தண்ணீருக்குப் பழகிய மாடு அடுத்து. கன்றுகளைப் பெரிய மாடுகளுக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக நடத்த வேண்டும். நீரின் இழுப்பைப் பெரியவை தாங்கும். எதிர்வெயில் தண்ணீரில் பளபளக்கும் நேரம் மட்டும் வேண்டாம். முன்மாடு மிரண்டு திரும்பினால் மந்தை முழுவதும் ஆற்றுக்குள்ளேயே சுழலத் தொடங்கும், கன்றுகள் மிதிபடும்.

வண்டிக்கு அச்சளவுத் தண்ணீர்தான் எல்லை. நடுவில் நிறுத்தவே கூடாது: நின்ற சக்கரத்தின் அடி மணலை நீர் அரித்துக்கொண்டே போகும், வண்டி புதையும். சரக்கை இறக்காமல் அதை மீட்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் இந்த முறை எதுவும் உதவாது. வடியும்வரை கரையில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை 1726-இல் முடித்துவைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சொந்தப் பணம் 30,000 வராகன் (அந்நாளைய பொற்காசு) செலவிட்டுப் பாலம் கட்டினார். பராமரிப்புக்கென 1,500 வராகன் தனியாக ஒதுக்கினார். என்னைக் கேட்டால் கட்டியதைவிட இதுதான் பெரிய காரியம். ஒவ்வொரு வெள்ளமும் தூண்களின் அடியை அரிக்கும். ஆண்டுதோறும் கல்லிட்டு நிரப்பாத பாலம் நிலைக்காது.

கேள்வி: ‘மார்மலாங் பாலம்’ என்பது அதுதானா? இன்றும் இருக்கிறதா? (வாசகர், கிண்டி)

பதில்: அதுதான். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் அப்படித் திரிந்தது. பழைய பாலம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 1966-இல் வந்ததுதான் மறைமலையடிகள் பாலம். உஸ்கான் நினைவாகப் பாரசீகம், அர்மீனியம், லத்தீன் மொழிகளில் பொறித்த கல் சைதாப்பேட்டைப் பக்கம் சாலையோரத்தில் நிற்கிறது. பேருந்திலிருந்து பார்த்தால் தவறிவிடும், நடந்து போய்ப் பாருங்கள்.