கார் கேள்வி பதில்: இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் வண்டி

கேள்வி: 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இழுவையில் குறை இல்லை. ஆனால் மெக்கானிக், "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், இன்ஜினை இறக்கி ஒருதடவை வேலை பார்த்துடலாம்" என்கிறார். கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது. எதை முதலில் செய்யலாம்? டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மீட்டரைப் பார்த்து யாரும் இன்ஜினை இறக்குவதில்லை, புகையையும் ஆயில் அளவையும் பார்த்துத்தான் இறக்குவார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போனால், இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். ஏற்றத்தில் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஹோஸில் விரிசல், இல்லாவிட்டால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். இதில் ஹோஸை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டு நேராக இன்ஜெக்டரைக் கழற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இது எதுவுமே இல்லையா, அப்புறம் எதற்கு இன்ஜினில் கை வைக்க வேண்டும்?

வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவதுதான் டைமிங் பெல்ட், அது உங்கள் வண்டியில் கிடையாது. ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் இன்ஜினில் அந்த வேலையைச் செய்வது செயின். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று பெல்ட்டுக்கு இருப்பதுபோல இதற்குக் கெடு இல்லைதான், ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது என்பதால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அடி விழுவது செயினுக்கு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே காட்டுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அன்றைக்குத்தான் நிஜமாகவே இன்ஜினை இறக்க வேண்டிவரும்.

பணத்தை முதலில் கூலிங்கில் போடுங்கள். பழைய இன்ஜின்கள் பல, தேய்ந்து சாவதைவிடச் சூடேறித்தான் சாகின்றன. ரேடியேட்டர் ஹோஸ்களை இன்ஜின் ஆறிய பிறகு அழுத்திப் பாருங்கள், கல்லுபோல இருந்தாலும் கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வாட்டர் பம்பில் கசிவு இருக்கிறதா, சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய கூலன்ட்டை இறக்கிப் புதிது ஊற்றுங்கள். அவசரத்துக்கு வழியில் தண்ணீர் ஊற்றலாம், அதையே வழக்கமாக்கினால் உள்ளே துரு பிடிக்கும். அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சுபோல உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பணம் மிச்சம் இருந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். டேஷ்போர்டு கடகடப்பெல்லாம் அப்படியே கிடக்கட்டும்.

இன்னொன்று, ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) 15 வருடத்துக்குத்தான். உங்களுக்கு 2027-இல் முடிகிறது, அப்புறம் ஆர்.டி.ஓ. சோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பெயின்ட், சீட் கவர் என்று பெரிதாகச் செலவழிக்கும்முன் புதுப்பிக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பழைய டீசல் வண்டிக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?
– வாசகர், கரூர்

பதில்: சத்தம் குறையலாம். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் மேலே ஏறி டர்போவைத் தொட நேரமாகும், அதுவரை பேரிங் காய்ந்துதான் சுற்றும். கையேட்டில் போட்டிருக்கிற கிரேடையே ஊற்றுங்கள். ஆயில் குறைகிறதென்றால் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மாற்று என்கிறார்கள். ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையதாக இருந்தால், பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்துவிடுங்கள்.