அலுமாரியில் கிடக்கும் அந்தத் தொகுதி

கேள்வி: பகலில் வேலை செய்துகொண்டே முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அம்மாவுக்கு நடக்க முடியாது, ஐந்தரைக்குள் வீடு திரும்ப வேண்டும். எங்கள் பல்கலைக்கழக நூலகம் புத்தகங்களை இரவல் தருகிறது. ஆய்விதழ்களை விரிவுரையாளர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. அண்ணாவும் அங்கே விரிவுரையாளராக இருந்தவர்தான். கனடா போகும்போது அவர் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல் விட்டுப்போன ஓர் ஆய்விதழ்த் தொகுதி இன்னும் எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. மாணவருக்கும் ஒரு வாரம் கொடுத்தால் என்ன? ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதனே சொன்னாரே?

- ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: அண்ணா கனடா போய் எத்தனை வருடம், பிள்ளை? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன, எல்லாருக்கும் நூலகத்தின் மேல்தான் கோபம். உங்கள் கடிதத்தில் அந்தத் தொகுதி ஏதோ வீட்டுச் சாமான் போல ஒரு வரியில் வந்து போகிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

காலாண்டு இதழ் என்றால் வருடத்துக்கு நான்கு வரும். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரு தொகுதியாக்கித் தட்டில் வைப்பார்கள். உங்களுக்குத் தேவை அதில் பதினைந்து பக்கம். நீங்கள் தூக்கிக்கொண்டு போவதோ இன்னும் எத்தனையோ பேருக்குத் தேவையான கட்டுரைகளை. பாடநூல் தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். பழைய இதழ் தொலைந்தால் பெரும்பாலும் வாங்க வழியில்லை, அந்த வருடம் தட்டில் ஓட்டையாகவே கிடக்கும். ரங்கநாதன் 1931இல் எழுதியது ஐந்து விதிகள். நீங்கள் முதலாவதைச் சொன்னீர்கள். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. உங்கள் அலுமாரியில் இருப்பதைத் தேடி மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை இரவு பஸ்ஸில் வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தால், அந்தப் பிள்ளையின் நேரத்துக்கு யார் பொறுப்பு?

ஆய்விதழை வெளியே கொடுக்கக் கூடாது. மாணவருக்கும் கூடாது, விரிவுரையாளருக்கும் கூடாது. அந்த ஓரவஞ்சனையைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். அதற்காக எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கும் நிறுத்தச் சொல்லுங்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. ஜூன் மாதம் வந்தால் அதைச் சொல்லிச் சொல்லி நம் வீடுகளில் மனம் வேகிறோம். அப்படிப்பட்ட ஒரு வீட்டு அலுமாரியில் இன்னொரு நூலகத்தின் தொகுதி எப்படி வருடக்கணக்காகக் கிடக்கலாம்? எரித்தவர்களோடு அண்ணாவை நான் ஒப்பிடவில்லை. ஆனால் தேடி வருகிறவர் காண்பது வெறும் தட்டைத்தானே?

அண்ணா அவசரத்தில் போயிருப்பார், சரி. மூத்தவர் வைத்துவிட்டுப் போன கடன் வீட்டுக் கடன். அது தெரிந்தும் பேசாமல் இருந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அம்மாவைத் தனியே தாங்குகிற பிள்ளைக்குக் கடமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதே கடமையை அண்ணாவிடமும் கேட்கத்தான் உங்களுக்கு வாய் வரவில்லை.

நூலகம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படிப்புக்காகக் கேட்பவருக்கு ஒரு கட்டுரையின் பிரதியை நூலகம் எடுத்துக் கொடுக்க இடம் தருகிறது. ஐந்தரைக்குள் வீடு திரும்ப வேண்டிய உங்களுக்குத் தேவை அந்தப் பதினைந்து பக்கப் பிரதிதான். எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் திரும்பவும் கேளுங்கள். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

அதற்கு முன், இன்று இரவு ஒன்பது மணிக்கு அண்ணாவுக்கு போன் எடுங்கள். அங்கே அப்போது பகல்தான். தண்டப்பணம் எவ்வளவானாலும் அவரே அனுப்பட்டும். சனிக்கிழமை அம்மாவுக்குத் துணையாக யாரையாவது இருத்திவிட்டு, தொகுதியை ஒரு பையில் போட்டு ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய் நூலகரின் கையிலேயே கொடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.