6,000 மாட்டுப் பண்ணை வந்தா ஊருக்குக் காசு வருமா?

கேள்வி: என் பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல வீடு வாங்கியிருக்காங்க. பக்கத்துல 6,000 கறவை மாடு வெச்சு பெரிய பால்பண்ணை வரப்போகுதாம். வேலை வரும், காசு வரும்னு பாதி ஊரு, வேணவே வேணாம்னு பாதி ஊரு. பண்ணை வந்தா ஊரு வளரத்தானேங்க செய்யும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காசு வரும்ங்க, அதுல சந்தேகமே வேணாம். ஆனா வந்த காசு ஊருக்குள்ள எவ்வளவு தங்கும்னு பாக்கணும்.

மொதல்ல வேலைக் கணக்கு. பெரிய பண்ணையில சுமாரா 80லேர்ந்து 100 மாட்டுக்கு ஒரு ஆள்னு ஓடுது, அப்ப 6,000 மாட்டுக்கு 60, 75 பேருக்கு வேலை. அதே மாடு பழைய மாதிரி வீட்டுக்கு 60னு பிரிஞ்சு இருந்தா 100 குடும்பம் அதை வெச்சே பொழைக்கும், அந்த 100 வீடும் தீவனம், டீசல், ட்ராக்டர் ரிப்பேர், மளிகைனு எல்லாத்துக்கும் பக்கத்து டவுனுக்குத்தான் போகும். பெரிய பண்ணை மொத்தமா வாங்கும், எங்க விலை கொறச்சலோ அங்கேர்ந்து லாரில எறக்கும். 1940கள்ல வால்டர் கோல்ட்ஷ்மிட்ங்கற மானுடவியல் ஆய்வாளர் கலிபோர்னியாவுல ஆர்வின், டினூபானு ரெண்டு ஊரை ஒப்பிட்டுப் பாத்தார். வெளைச்சலோட மதிப்பு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா சின்னச் சின்னப் பண்ணையா இருந்த டினூபால கடைகண்ணி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஸ்கூல், பார்க் கூட அதிகம். பழைய ஆய்வுதான், அது பால்பண்ணை ஊரும் இல்ல, ஆனாலும் இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு அதான் ஞாபகம் வருது.

நல்லதையும் சொல்லணும். மக்காச்சோளம், குதிரைமசால் போடற அக்கம்பக்கத்து விவசாயிக்கு வாசல்லயே வாங்க ஆள் கெடைக்கும், கால்நடை டாக்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் வருஷம் பூரா வேலை இருக்கும், சீஸ் ஃபேக்டரிக்குப் பால் தட்டாம வரும். அமெரிக்காவுலயே அதிகமா சீஸ் பண்ற மாநிலத்துல இது பெரிய விஷயம். அதோட பெரிய பண்ணைன்னாலே வெளியூர் கம்பெனின்னும் இல்ல, பாதிக்குமேல உள்ளூர்க் குடும்பங்களே வளத்து வளத்துப் பெருசாக்கினதுதான். ஆனா 2004 வாக்குல விஸ்கான்சின்ல 15,000க்கு மேல இருந்த பால்பண்ணை இப்ப 6,000க்கும் கீழ வந்துருச்சு, மாட்டு எண்ணிக்கை மட்டும் சுமார் 12.5 லட்சத்துலயே நிக்குது. மூடின பண்ணைக்குப் பின்னாடி பால் விலை விழுந்ததும் இருக்கு, கடனும் இருக்கு, வாரிசு இல்லாததும் இருக்கு, எல்லாப் பழியையும் பெரிய பண்ணை மேல போட முடியாது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க பால் கறக்கறவங்க பெரும்பாலும் மெக்சிகோ, நிகரகுவா மாதிரி நாட்டுலேர்ந்து வந்தவங்க, பலருக்கு அங்க இருக்கறதுக்கான சட்டப்படியான பேப்பர் கெடையாது, ஏன்னா சீசன் விவசாய வேலைக்குத்தான் விசா இருக்கு, பால் கறக்கறது வருஷம் முழுக்க நடக்கற வேலைங்கறதால அந்த விசா இதுக்கு ஆகாது. 2007லேர்ந்து அந்த மாநிலத்துல பேப்பர் இல்லாதவங்களுக்கு டிரைவிங் லைசென்ஸும் இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு பால் பாக்கெட்டும் ரொட்டியும் வாங்கக் கார் எடுக்கவே, போலீஸ் நிறுத்திடுவாங்களோனு பயப்படற ஆளு அந்த ஊர்க் கடையில எப்படிங்க நிம்மதியா செலவு பண்ணுவாரு? அவங்க உழைப்புலதான் இத்தனை சீஸும் வருது.

அடுத்தது ஊர் தலையில விழற செலவு. ஒரு மாடு நாளைக்கு 50 கிலோவுக்கு மேல சாணம், மூத்திரம் போடும், 6,000 மாட்டுக்குத் தினம் 300 டன், அதைத் தண்ணியாக் கரைச்சுத் தேக்கி வெச்சு டேங்கர்ல ஏத்தி வயல்ல பாய்ச்சுவாங்க. அந்த டேங்கரும் பால் லாரியும் ஓடற ரோடு பல எடத்துல சின்ன டவுன் பஞ்சாயத்தோடது, ரிப்பேரும் அவங்க தலையிலதான், அதே சமயம் வயலுக்குச் சந்தை விலைக்கு வரி போடாம வெளைச்சலைக் கணக்குப் பாத்துக் கொறைச்சுத்தான் போடறாங்க.

கேள்வி: பொண்ணு வீட்டுல போர்வெல் தண்ணிதான். இப்ப என்ன பண்றது?

பதில்: பண்ணை வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அதே மாநிலத்துல கெவானி கவுண்டினு (நம்ம மாவட்டம் மாதிரி) ஒண்ணு இருக்கு, மேல மண்ணு கொஞ்சம், கீழ வெடிப்பு விட்ட பாறை, அங்க சோதிச்ச கிணத்துல மூணுல ஒண்ணுல பாக்டீரியாவோ நைட்ரேட்டோ (சாணம், உரத்துலேர்ந்து தண்ணியில எறங்கற உப்பு) அளவுக்கு மீறி இருந்துச்சு. அங்க ஒரு பெரிய பண்ணையோட அனுமதி பத்தின வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, மாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும் கண்காணிப்புக் கிணறு போடச் சொல்லவும் அரசுத் துறைக்கு அதிகாரம் இருக்குனு 2021ல தீர்ப்பு வந்துச்சு. ஊர்ப் பஞ்சாயத்து மட்டும் நெனச்சா நிறுத்திட முடியாது, 2004ல வந்த சட்டப்படி மாநில விதிக்கு உட்பட்டு இருந்தா அனுமதி குடுத்தாகணும். அதனால பாக்டீரியா, நைட்ரேட் ரெண்டுக்கும் லேப் ரிப்போர்ட் வாங்கித் தேதியோட பத்திரமா வெக்கட்டும், நாளைக்குத் தண்ணி கெட்டா முன்னாடி நல்லா இருந்துச்சுனு காட்ட அது ஒண்ணுதான் ஆதாரம். நைட்ரேட் (அங்க நைட்ரஜன் கணக்குல அளப்பாங்க) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல போனா கைக்குழந்தைக்குக் குடுக்கவே கூடாது. நம்ம பழக்கத்துல கொதிக்க வெச்சா சரியாயிரும்னு நெனச்சுடாதீங்க, கொதிக்க வெச்சா நைட்ரேட் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அதிகமாத்தான் ஆகும்.