கேள்வி பதில்: பொண்ணுங்க படிச்சதாலதான் மக்கள்தொகை குறையுதா?

கேள்வி: பொண்ணுங்க படிச்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சதாலதான் பல நாடுகள்ல கொழந்தைங்களே பொறக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. படிப்பு வந்தா கல்யாணம் தள்ளிப்போகும், கொழந்தைங்க எண்ணிக்கை குறையும், அதுல தப்பே இல்ல. ஆனா ஆறு ரெண்டாகுறது வேற, ஒண்ணுக்கும் கீழ போறது வேற. தென் கொரியாவ எடுத்துக்குங்க, மக்கள்தொகை குறையாம இருக்க ஒரு பொண்ணுக்கு சராசரியா 2.1 கொழந்த வேணும், அங்க 2023ல 0.72தான். நல்லா படிச்ச பொண்ணுங்க, ராத்திரி வரைக்கும் ஆபீஸ், சம்பளம் ஆம்பளைங்கள விட கிட்டத்தட்ட 30 சதவீதம் கம்மி, வீட்டுக்கு வந்தா சமையல், துணி, கொழந்த எல்லாம் பெரும்பாலும் அவ தலைலதான், பிரசவத்துக்கு லீவு போட்டுட்டு வந்தா ப்ரமோஷன் கெடைக்குமான்னே தெரியாது. இதுல அவ கொழந்தையே வேணாம்னு முடிவு பண்ணா அவளயா குத்தம் சொல்றது? இதே நாட்டுல 1990ல 100 பொண் கொழந்தைக்கு 116 ஆண் கொழந்த பொறந்துச்சு, வயித்துல இருக்கிறது பொண்ணுன்னு தெரிஞ்சு கலைச்சதோட விளைவு அது. அன்னைக்குப் பொண்ணே வேணாம்னாங்க, இன்னைக்குப் பொண்ணுங்க பெத்துக்கலன்னு பொலம்புறாங்க, நெனச்சாலே கோவமா வருது.

கேள்வி: இப்பதான் உலகமே ஒண்ணாயிடுச்சே, வெளிநாட்டுலேர்ந்து வீட்டு வேலைக்கு ஆள் வெச்சுக்கிட்டா பிரச்சன தீந்துடாதா?

பதில்: வெச்சுக்கிறாங்களே. ஹாங்காங்ல மட்டும் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் 3 லட்சத்துக்கு மேல, பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பொண்ணுங்க. வேலை பாக்குற வீட்லயேதான் தங்கணும்னு அங்க சட்டமே இருக்கு. அதுல பல பேருக்கு ஊர்ல கொழந்த இருக்கு, அத பாட்டியோ சித்தியோ வளக்குறாங்க, அம்மா முகத்த அது பாக்குறது வீடியோ கால்லதான். அவங்க அனுப்புற பணத்துல புள்ள படிக்குது, அத நான் சின்ன விஷயமா சொல்லல. ஆனா ஒரு பொண்ணோட சுமை இன்னொரு பொண்ணுக்கு, அவ சுமை அவ அம்மாவுக்குன்னு போகுதே தவிர ஆம்பள கைக்கு வரவே இல்ல பாருங்க. இவங்களுக்கும் மத்த தொழிலாளிங்க மாதிரி உரிமை வேணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011லயே ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு, இன்னும் நெறைய நாடுகள் அத ஏத்துக்கல.

ஸ்வீடன்ல வேற மாதிரி பண்ணாங்க. கொழந்த பொறந்தா அப்பா அம்மாவுக்கு சேத்து 480 நாள் லீவு, அதுல 90 நாள் அப்பாவுக்குன்னே தனியா, அவர் எடுக்கலன்னா அம்மாவுக்கு மாத்தித் தர முடியாது, போயிடும். அங்கயும் பிறப்பு குறைஞ்சுட்டுதான் வருது, 2023ல ஒரு பொண்ணுக்கு 1.45 கொழந்த, ஆனாலும் கொரியாவோட ரெண்டு மடங்கு.