'ஏ' பள்ளியா, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியா?

கேள்வி: என் கணவர் டாக்டர். விசா நிபந்தனைப்படி மேற்கு டெக்சாஸில் ஒரு கிராமப்புற கவுன்ட்டி மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். வரும் ஆகஸ்டில் குடிபோகிறோம். மகள் 9-ஆம் கிரேடு சேர வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் ஊர் அரசு ஹை ஸ்கூலில் ஒரு கிரேடுக்கு 160 பேர். பள்ளிகளுக்கு மாநிலம் 'ஏ' முதல் 'எஃப்' வரை கொடுக்கும் ரேட்டிங்கில் 'சி'. 22 மைல் தள்ளி உள்ள சின்ன ஊர்ப் பள்ளியில் 40 பேர்தான், ரேட்டிங் 'ஏ'. "சி பள்ளியில் சேர்த்துவிடாதீர்கள்" என்று டாலஸில் இருக்கும் நாத்தனார் சொல்கிறார். எதில் சேர்ப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான் டெக்சாஸின் சின்ன ஊர்ப் பள்ளிகளில் பல வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். மனதில் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியை முதலில் போய்ப் பாருங்கள். அந்த 'சி'யைக் கண்டு பயப்பட வேண்டாம்.

40 பேர் படிக்கும் இடத்தில் ஒரு பிள்ளை என்பது இரண்டரை சதவீதம். நாலு பேர் ஒரு தேர்வில் தடுமாறினால் பத்து சதவீதம் இறங்கிவிடும். அடுத்த வருடம் கெட்டிக்கார செட் ஒன்று வந்தால் ஏறிவிடும். அதனால் ஒரு வருட எழுத்தை நம்பாமல் மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, ஹை ஸ்கூல் ரேட்டிங்கில் தேர்வு மதிப்பெண்ணோடு, பிள்ளைகள் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகிவிட்டார்களா என்பதும் சேர்கிறது. வெல்டிங் சான்றிதழ் வாங்கிய பையனும் அந்தக் கணக்கில் வருவான். வரத்தான் வேண்டும், அது நல்ல பிழைப்பு. ஆனால் உங்கள் மகளுக்கு அங்கே இயற்பியல் கிடைக்குமா என்பதை அந்த 'ஏ' சொல்லாது.

அதைச் சொல்வது கால அட்டவணை. பாடப்பட்டியல் புத்தகத்தைக் காட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் புத்தகத்தில் கால்குலஸ் இருந்தது, இயற்பியல் இருந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில், 'போதிய மாணவர்கள் சேர்ந்தால் மட்டும்' என்று ஒரு வரி. அந்த வருடம் கால்குலஸுக்கு மூன்று பேர். நூலகத்தின் மூலையில் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். பாடம் ஆன்லைனில், இன்டர்நெட் நின்றால் பாடமும் நின்றுவிடும். சந்தேகம் கேட்க நூலகரைத் தவிர யாரும் இல்லை, அவருக்கோ கால்குலஸ் தெரியாது. என் இடைவேளையில் நான் ஓடிப்போய் உட்காருவேன். அதில் ஒரு பெண் நோட்டு முழுக்கக் கேள்விகளை எழுதி, பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்த நோட்டை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் இரண்டு பள்ளியிலும், பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம், போன வருடம் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணையைக் கேளுங்கள். கால்குலஸ், இயற்பியல், வேதியியலுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது, அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று பாருங்கள். கிராமப்புறத்தில் நல்ல ஆசிரியரைத் தக்கவைப்பதுதான் பெரிய பாடு. மாநிலக் கல்வித் துறை வருடாவருடம் வெளியிடும் அறிக்கையில் ஆசிரியர்களின் அனுபவமும், அந்தப் பள்ளி மாவட்டத்தை (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விட்டு எத்தனை சதவீதம் பேர் போகிறார்கள் என்பதும் இருக்கும். நான் ரேட்டிங்கைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன். பக்கத்து கம்யூனிட்டி காலேஜோடு சேர்ந்து நடத்தும் டூயல் கிரெடிட் வகுப்புகளையும் (ஒரே பாடம் ஹை ஸ்கூலுக்கும் கல்லூரிக்கும் கணக்காகும்) விசாரியுங்கள். அதில் படிக்கும் பொதுப் பாடங்களை டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம் ரேங்க். 1997-இல் வந்த சட்டத்தால், வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் டெக்சாஸ் பிள்ளைகளுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டினுக்கு மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள். 160 பேரில் அது 8 பேர். 40 பேரில் 2 பேர்! ஒரே ஒரு பாடத்தில் சறுக்கினாலும் மூன்றாவது இடம்தான். அந்த இடமும் பல்கலைக்கழகத்துக்குள் நுழையத்தான். இன்ஜினீயரிங் சீட்டைத் தனியாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 8-ஆம் கிரேடில் அல்ஜீப்ரா முடித்திருந்தால் அது ரேங்க் கணக்கில் சேருமா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் மூன்று வருடம், ஹை ஸ்கூல் நாலு வருடம். மகள் 11-ஆம் கிரேடு முடிக்கும்போது உங்களுக்கு வேறு ஊர் போகலாம் என்ற எண்ணம் வரும். 12-இல் பள்ளி மாற்றினால் சேர்த்து வைத்த ரேங்க் கையைவிட்டுப் போகலாம். மாநிலம் மாறினால் அந்த நேரடி இடமே கிடையாது. நாலாவது வருடம் அங்கேயே இருப்பீர்களா என்று நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு இது பள்ளித் தேர்வைவிட முக்கியமாகப் படுகிறது.

22 மைலும் சின்ன விஷயம் இல்லை. வெளி மாவட்டப் பிள்ளைகளை எடுப்பதும் மறுப்பதும் அந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம். எடுத்தாலும் வீட்டு வாசலுக்கு பஸ் வரும் என்று நம்ப வேண்டாம். டெக்சாஸில் 16 வயதுக்குத்தான் தனியாக ஓட்ட லைசென்ஸ். அதுவரை நீங்கள்தான் டிரைவர், அதுவும் இருட்டும் நேரத்தில் மான்கள் குறுக்கே பாயும் ரோட்டில்.

சின்னப் பள்ளியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில், தோள் கவசத்தைக்கூடக் கழற்றாமல் டிராம்போனை எடுத்துக்கொண்டு பேண்ட் வரிசையில் போய் நிற்பான் ஒரு பையன். இரண்டுக்கும் அவன்தான் வேண்டும். உங்கள் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள் என்றால், ஒவ்வொரு பிள்ளையும் தேவைப்படும் அப்படி ஓர் இடத்தில் அவள் மலர்ந்துவிடக்கூடும். அந்தப் பள்ளியின் அட்டவணையில் இயற்பியலுக்கும் கால்குலஸுக்கும் நேரே நிலையான ஓர் ஆசிரியர் பெயர் இருந்தால், என் பதிலை மாற்றிக்கொள்வேன்.

கோடை விடுமுறையில் கவுன்சிலர்கள் கிடைப்பது கஷ்டம். சில இடங்களில் வெளி மாவட்ட விண்ணப்பத்தையும் அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். இந்த வாரமே இரண்டு பள்ளிக்கும் போன் போடுங்கள். நேரில் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள்.