வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு பக்கெட்

கேள்வி: எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பழைய வாஷ்பேசினைக் கழற்றிவிட்டுப் புதிய ஒன்றை நானே மாட்டினேன். எல்லா இணைப்பிலும் வெள்ளை டேப் சுற்றி, ஸ்பேனரால் முடிந்த மட்டும் இறுக்கியும் கீழே சொட்டுகிறது. மூன்று முறை பிரித்து மாட்டியாகிவிட்டது. மனைவி பக்கெட்டை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டார். என்ன தப்புச் செய்கிறேன்?
– ஈசூன் வாசகர்

பதில்: பக்கெட் இருக்கட்டும், முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இறுக்கி இறுக்கியே பீங்கானில் விரிசல் விட வைத்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூவைச் சுற்றிவிட்டுக் காத்திருங்கள். குழாயைத் திறக்காமலே நனைந்தால் தண்ணீர் வரும் பக்கத்தில் கோளாறு, ஏனென்றால் அங்கே அழுத்தம் எப்போதும் இருக்கும். பேசினை நிரப்பி மூடியைத் திறந்துவிடும்போது மட்டும் நனைந்தால் கழிவு நீர்ப் பக்கம்.

வெள்ளை டேப் எல்லா இடத்துக்குமான மருந்து இல்லை. சுவரிலிருந்து வரும் ஆங்கிள் வால்வுக்கு (தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) அது கட்டாயம் வேண்டும், அங்கே மரைதான், அதாவது திருகும் பள்ளங்கள்தான், தண்ணீரைத் தடுக்கிறது. மரை உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள், எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்துவிடும். இன்னொன்று, வால்வு கொஞ்சம் கோணலாக நிற்கிறதே என்று இறுக்கிய திசைக்கு எதிராக லேசாகத் திருப்பியிருப்பீர்கள், நிறைய பேர் செய்வதுதான், ஆனால் அப்படித் திருப்பியதும் அடைப்பு விட்டுப்போகும், கழற்றிப் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும். வால்வில் கை வைக்கும் முன் வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் தண்ணீரை மூடுங்கள்.

வால்விலிருந்து குழாய்க்குப் போகும் வளையும் ஹோஸ் வேறு கதை. அதன் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, தடுப்பது அதுதான். அங்கே டேப் சுற்றினால் வாஷர் சரியாக உட்காராமல் போகலாம். டேப்பை எடுத்துவிட்டு, வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று.

மூன்று தடவை பிரித்தும் நிற்கவில்லை என்றால் எனக்கு வேஸ்ட் கப்ளிங், அதாவது பேசினின் அடி ஓட்டையில் மாட்டும் வடிகுழாய்த் துண்டு, மேல்தான் சந்தேகம். பக்கவாட்டில் ஓட்டை உள்ள கப்ளிங்காக இருந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, மரையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அடி நட்டிலிருந்து சொட்டும். நாம் அதற்குக் கீழே இருக்கும் பாட்டில் டிராப்பை (தண்ணீர் தேங்கி நிற்கும் பாட்டில் வடிவப் பாகம்) திட்டிக்கொண்டிருப்போம். கப்ளிங்கைக் கழற்றி நன்றாகத் துடைத்து, அடி ரப்பரைச் சுற்றியும் மேல் விளிம்புக்குக் கீழேயும் சிலிக்கான் தடவி மாட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடாமல் விடுங்கள். புதிய பேசினில் மேல்பக்கம் வழிதுளை (பேசின் நிரம்பி வழியாமல் தண்ணீர் இறங்கும் துளை) இல்லை என்றால் பக்கவாட்டு ஓட்டை இல்லாத கப்ளிங்கே வாங்கிவிடலாம்.

பாட்டில் டிராப்பின் பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனர் வேண்டாம், கை போதும். அளவையும் பாருங்கள், பேசினுக்கு வழக்கமாக 32 மி.மீ., சமையலறை சிங்குக்கு 40 மி.மீ. ஜாலான் புசார் பக்கம் கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்.

இதற்குப் பிறகும் சுவருக்குள்ளிருந்தே ஈரம் வந்தால் நீங்கள் தொடாதீர்கள், உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் பேச்சு பக்கெட்டோடு நிற்காது.

கேள்வி: ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம். குழாய் உடைந்துவிட்டதா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: பெரும்பாலும் இல்லைம்மா. டிராப்பிலும் தரை வடிகாலிலும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது, அது ஆவியாகிவிட்டது. இரண்டிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் பாட்டில் டிராப்பின் அடி மூடியைத் திறந்து கழுவுங்கள், உள்ளே முடியும் சோப்பும் சேர்ந்து கிடக்கும். திறக்கும் முன் கீழே பக்கெட்!