இலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

பிப்ரவரியில் மகள் கல்யாணம், வீட்டு முற்றத்திலேயே சால் வெர்ட் பந்தல் போட்டு 300 பேருக்கு வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு, மூன்று கேட்டரிங்காரர்கள் மூன்று விலை சொல்கிறார்கள், கையில் பணம் குறைவு, இருப்பதில் மலிவானவரையே பிடித்துவிடலாமா என்று மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பிடிக்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒருவர் இலை, கேஸ், பாத்திரம், வண்டிக்கூலி, பரிமாற ஆள் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் சமைத்ததை அண்டாவோடு இறக்கிவிட்டுப் போவதற்கு மட்டும் சொல்லியிருப்பார். வாட் சேர்த்தா, சேர்க்காமலா? 15 சதவீதம் என்றால் உங்கள் கணக்கில் 45 பேருடைய சாப்பாட்டுப் பணம், அது கடைசி பில்லில் வந்து நின்றால் எங்கே போவீர்கள்? அதனால் என்னென்ன வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூன்று பேருக்கும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள்.

அடுத்தது பரிமாறும் ஆட்கள். உண்மையில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். சோறு, பருப்பு, ஏழு கறி, ரசம், அப்பளம், பாயசம் என்று பத்துக்கும் மேற்பட்ட வாளிகள் பந்தியில் ஓட வேண்டும், ஒரு பந்திக்கு நூறு பேர் என்றால் பத்துப் பன்னிரண்டு பேராவது வேண்டும், இத்தனை பேருக்கும் கூலி கொடுத்தால் பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும். உங்கள் சொந்தத்தில் இளவட்டங்கள் இருப்பார்கள் அல்லவா, கோயிலில் காவடி முடிந்து அன்னதானத்துக்கு வாளி தூக்குகிற அதே பிள்ளைகள், அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டு, பரிமாறும் கூலியைக் கழித்து விலை சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அண்டா பக்கத்தில் கேட்டரிங்காரருடைய ஆள் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். முதல் பந்தியில் கை தாராளமாகப் போய், மூன்றாவது பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்காரும்போது கத்தரிக்காய் தீர்ந்துபோவது அளவு பார்க்க ஆள் இல்லாததால்தான்.

அளவையும் கேளுங்கள். இத்தனை கறி இருக்கும்போது சோறு குறைவாகத்தான் போகும், நூறு பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும். யாராவது 20 கிலோ என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கறிகளை முடிவு செய்யும்போது பிப்ரவரி நமக்குக் கோடை என்பதை மறக்காதீர்கள், காலிஃபிளவர் மாதிரி குளிர்காலக் காய் கேட்டால் விலை ஏறும். பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய், பிஞ்சுப் பலா, கீரை, காய்ந்த கடலை என்று நம் ஏழு கறியே பெரும்பாலும் சிக்கனமானதுதான். தட்டு, கப்பில் பிளாஸ்டிக் வேண்டாம், 2021 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது புயல். பிப்ரவரி நடு சீசன். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை ஏறிவிட்டால் பஸ் இல்லை, கடை இல்லை, கல்யாணமும் தள்ளிப்போகும். புயலே வராமல் பெருமழை மட்டும் பெய்தாலும் தோட்டம் அழுகி வாரக்கணக்கில் காய் விலை இறங்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். எனவே தேதி மாறினால் டெபாசிட் அப்படியே இருக்குமா, காய் விலை ஏறினால் யார் தாங்குவது, எந்தக் கறிக்குப் பதில் எந்தக் கறி, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் இலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் நான் அவரைத்தான் பிடிப்பேன்.

ருசி பார்க்கக் கூப்பிட்டால் பாயசத்தில் மயங்காமல் ரசத்தையும் பருப்பையும் கேட்டுச் சாப்பிடுங்கள். அதைவிட நல்லது, அவர் சமைக்கும் வேறொரு கல்யாணத்துக்குக் கடைசிப் பந்தி நேரத்தில் போய்ப் பார்ப்பது. சாப்பாடு சூடாக இருக்கிறதா, அண்டா மூடியிருக்கிறதா, தேங்காய்ச் சட்னியை எப்போது அரைத்தார்கள்? நம் கோடைப் புழுக்கத்தில் அது விடியற்காலையில் அரைத்து மதியம் வரை வெளியே இருந்தால் கெட்டுவிடும், கடைசியில்தான் அரைக்க வேண்டும். சமைப்பவர்களிடம் உணவு கையாளும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், தைப்பூசமும் மகா சிவராத்திரியும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால் நல்ல சமையல்காரர்கள் சீக்கிரம் புக் ஆகிவிடுவார்கள். இந்த மாதத்துக்குள் முடிவு செய்து சின்ன டெபாசிட் கொடுத்து ரசீது வாங்குங்கள், சரியான தலைக்கணக்கைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு சொல்வதாக அதிலேயே எழுதச் சொல்லுங்கள், மீதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கடைசிப் பந்தி எழுந்த பிறகு கொடுங்கள்.